நேரில் கண்ட ஒருவர்

பொம்மனஹள்ளி
5-9-1998

அன்புள்ள மித்ராவுக்கு மாமா கிருஷ்ணப்பா எழுதுவது.

நான் அன்றைக்கே சொன்னேன். இப்படியெல்லாம் நடக்கும் என்று ஒன்றுவிடாமல் முன்கூட்டியே சொன்னவன் இந்த ஏரியாவில் நான் ஒருத்தன்தான். சந்தேகம் இருந்தால் மலையாளி நாணு டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேள். ஓசூர் ரோட்டுக்குப் புதுசாகத் தார் ஊற்றினபோதே, "இது மனுஷன் போறதுக்கு இல்லைப்பா, கார் போறதுக்கு" என்று சொன்னேன். சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போன முதல் நாளே, "மாப்பிள்ளை, ஓரமாப் போனாலும் இந்த ரோடு சும்மா விடாது" என்றேன். அவரும் சிரித்தார். அவர் போன அன்றைக்கும் சொன்னேன், பாருங்கள், நாளைக்குப் பேப்பரில் தப்பை இவர் தலையில்தான் கட்டுவார்கள் என்று. கட்டினார்கள். நான் ஏழாவதோடு நின்றவன்தான். ஆனால் எட்டாவது படிக்கப் போயிருந்தால் இந்த மூளை மழுங்கிப் போயிருக்கும் என்று எங்கள் வாத்தியாரே சொன்னார்.

பேப்பரில் வந்ததை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். கட்டிங் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, தபாலில் தொலைந்தால் போச்சு. அதனால் அதை நான் வைத்துக்கொண்டு, பார்த்து அப்படியே எழுதுகிறேன். குழந்தை ஷில்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று கேள்வி, அவள் கண்ணில் படாமல் வை.

"பெங்களூர், ஆக. 18: பொம்மனஹள்ளி அருகே ஓசூர் சாலையில் நேற்று காலை கார் மோதியதில், சைக்கிளில் சென்ற ஜீவரத்தினம் (33) என்பவர் பலியானார். தனியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காகப் பணிபுரிந்த இவர், குடும்பப் பிரச்சினையால் மனம் கலங்கித் தனக்குத் தானே முணுமுணுத்தபடி சென்றதாகவும், கை காட்டாமல் திடீரெனச் சாலையின் குறுக்கே திரும்பியதாகவும் நேரில் கண்ட ஒருவர் தெரிவித்தார். சைக்கிள் ஓட்டுவோரின் கவனக்குறைவால் இச்சாலையில் விபத்துகள் பெருகி வருவது குறிப்பிடத்தக்கது."

இவ்வளவுதான். இதைப் படித்த அன்றைக்கே நான் அந்தப் பேப்பர் ஆபீஸுக்குப் போனேன். மேஜையை ஒரு தட்டு தட்டினேன், மைக்கூடு பறந்தது. முப்பது பேர் எழுந்து நின்றார்கள். ஆசிரியரே வெளியே வந்து, "ஐயா உட்காருங்க" என்று காப்பி வரவழைத்தார். குடிக்கவில்லை. "எங்க வீட்டுப் பையன் உயிரை நீங்க பேப்பர்ல ரெண்டாம் தடவை எடுத்துட்டீங்க" என்றேன்.

நீ மனசை விடாதே. உன் அத்தை சந்திரம்மா உன்னை நினைத்து அழுகிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணின கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு
உன் மாமா

*

சாம்பியன் ரீஃப், கோலார் தங்க வயல்
12-9-1998

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

நீங்கள் எழுதி அனுப்பியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது.

ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, ஷில்பாவுக்குப் பிறந்தநாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் ஜூனில் இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ரயிலேறி வந்தவர், அந்த ஞாயிறு மட்டும் வரவில்லை. ஓவர்டைம். பிள்ளை புதுச் சட்டையோடு வாசற்படியிலேயே தூங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாணு அண்ணன் டீக்கடைக்குப் போன் போட்டேன். வேலைக்குப் போகும் முன் அங்கேதான் இருப்பார். "இனிமே நீங்க வரவே வேணாம், அந்த பேக்டரியையே கட்டிக்கிட்டு இருங்க" என்றேன். "மித்ரா" என்றார். நான் வைத்துவிட்டேன்.

ஏழே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

மனம் கலங்கிப் போனார் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அப்படியானால் அவரைத் திருப்பிவிட்டது நான்தான். இது எனக்கு உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். அவர் உண்மையிலேயே குறுக்கே திரும்பினாரா, அப்போது என்ன முணுமுணுத்தார் என்று அந்த நேரில் கண்டவரிடம் கேட்க வேண்டும். நீங்கள்தான் அவரைத் தேடித் தர வேண்டும்.

இன்னொன்று. போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் இவ்வளவு தூரம் வந்தார். அக்டோபர் 15ஆம் தேதி நான் அங்கே வர வேண்டுமாம். விபத்துக்குக் காரணம் என் கணவரின் கவனக்குறைவுதான், கார் ஓட்டியவர் மேல் எனக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கேஸை மூடிவிடுவார்களாம். "பேப்பர்லயே வந்துடுச்சேம்மா" என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மித்ரா

*

பொம்மனஹள்ளி
20-9-1998

அன்புள்ள மித்ரா,

உன் கடிதம் கண்டேன். நீ போனில் ஒரு வார்த்தை சொன்னதற்காக ஒரு ஆம்பிளை சைக்கிளைத் திருப்புவானா? உன் அத்தை எனக்குச் சொல்லாத வார்த்தையா? அதற்கெல்லாம் திரும்பியிருந்தால் நான் இந்நேரம் ஐம்பது தடவை செத்திருக்க வேண்டும். இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

நீ சொன்னபடி விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். அந்தச் செய்தியை எழுதின ரிப்போர்ட்டர் பெயர் கிளாரன்ஸ், பிரேசர் டவுன் பையன். பழைய ஸ்கூட்டர் ஒன்றில் ஊரெல்லாம் சுற்றுகிறான். நேற்று நாணு கடையில் பிடித்து உட்கார வைத்தேன். நடுங்கிவிட்டான். சரி, நடுங்கவில்லை, பன் தின்றுகொண்டிருந்தான். நான் கேட்ட கேள்விகளை எந்த வக்கீலும் கேட்டிருக்க மாட்டான்.

"ஏம்ப்பா, கார்னு போட்டிருக்கே, அதை ஓட்டினவன் பேர் எங்கே?"

"ஸ்டேஷன்ல தரல, அங்க்கிள்."

"தந்தா போட்டிருப்பியா?"

"போட்டா மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும்."

"செத்தவர் பேரை மட்டும் வயசோட போட்டியே?"

"செத்தவர் நோட்டீஸ் அனுப்ப மாட்டாரே, அங்க்கிள்."

கேட்டாயா பேச்சை! கன்னத்தில் ஒன்று விட்டேன். (விடவில்லை. விடுகிற மாதிரி கையை ஓங்கினேன். உன்னிடம் கூடுமான வரைக்கும் நிஜத்தை எழுதலாம் என்று பார்க்கிறேன்.)

பிறகு அவனே தொழில் ரகசியத்தைச் சொன்னான். தினமும் காலையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போவானாம். அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு நாலு வரி சொல்வாராம். அதுதான் செய்தி. "அவருக்கு யாரு சொன்னா?" என்றேன். "கார்க்காரர்தான். நடந்ததைச் சொல்ல உயிரோட ஸ்டேஷனுக்கு வந்தவர் அவர்தானே?" என்றான்.

செத்தது சைக்கிள்காரர் என்றால் எப்போதும் நாலு வரிதானாம். நேரில் பார்த்தவர் யாராவது கிடைத்தால் எட்டு வரி தருவார்களாம்.

அந்த நேரில் கண்டவரைப் பற்றியும் துப்பு கிடைத்துவிட்டது. ஆள் ஒரு வெங்காய வியாபாரி. ஆறரை அடி உயரம், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். அத்திபெலே சந்தையில் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது பார்த்திருக்கிறார். இப்போது குடும்பத்தோடு வடக்கே யாத்திரை போய்விட்டாராம், தீபாவளிக்கு அப்புறம்தான் வருவாராம். வரட்டும், விடமாட்டேன். நீ அலைய வேண்டாம்.

உன் மாமா
கிருஷ்ணப்பா

*

சாம்பியன் ரீஃப்
28-9-1998

மாமா,

இங்கே சங்கத்துப் படிப்பகத்தில் அதே பேப்பரை ஆறு மாதத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஷில்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒரு வாரமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரில் சைக்கிளில் போய் இறந்தவர்கள் செய்தியை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். அவரை விட்டு இருபத்திமூன்று பேர். பால் போடுகிறவர், தையல்காரர், கொத்தனார், பூக்கூடை வைத்துக்கொண்டு போன ஒரு அம்மாள். பத்தொன்பது செய்தியில் அவர்கள் "திடீரென" வந்திருக்கிறார்கள். திடீரெனக் குறுக்கே, திடீரென வலப்புறம், திடீரெனத் தடுமாறி. மற்ற நான்கில் விளக்கு இல்லை என்று போட்டிருக்கிறது. அதில் இரண்டு பட்டப்பகலில் நடந்தது.

இந்த ஊரில் சைக்கிளில் போகிறவர்கள் யாருமே நேராகப் போவதில்லையா, மாமா?

கார், லாரி, பஸ் எல்லாம் தானாகவே போகின்றன. ஒன்றையும் யாரும் ஓட்டவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இது வழக்கமாக எழுதுகிற வாக்கியம்தான், அவருக்கும் அப்படியே போட்டிருப்பார்கள், அவர் நேராகத்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். ஒரு பத்து நிமிஷம்தான். பிறகு திரும்பவும் நோட்டைப் பார்த்தேன். அந்த இருபத்திமூன்றில் நேரில் கண்டவர் என்று ஒருவர்கூட இல்லை. அவருக்கு மட்டும்தான் இருக்கிறார். அப்படியென்றால் மற்றவர்களுக்கு எழுதியது பொய்யாக இருந்தாலும், அவருக்கு எழுதியது நிஜம்.

அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. வீட்டில் பிரச்சினை என்று அத்திபெலே வெங்காய வியாபாரிக்கு எப்படித் தெரியும்? போன் வந்தது நாணு அண்ணனுக்குத்தான் தெரியும். நேற்று அவருக்கே போன் போட்டு, யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். "பேப்பர்காரரோட பேசினது உங்க மாமாதானே, மோளே. போன் வந்த விஷயத்தை நான் அவர்கிட்டதான் சொன்னேன்" என்றார்.

நீங்களா?

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஷில்பாவிடம், "ரோட்டைப் பார்த்துப் போகணும், உங்க அப்பா மாதிரி போகக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை அதை வீட்டில் வந்து பாடம் மாதிரி ஒப்பிக்கிறாள்.

மித்ரா

*

பொம்மனஹள்ளி
3-10-1998

அன்புள்ள மித்ரா,

கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரி. நம் குடும்பத்து மூளை எங்கே போகும்? நான்தான். வெங்காய வியாபாரி என்று யாரும் இல்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ தாங்க மாட்டாய் என்றுதான் மறைத்தேன். சொந்த மாமாவே பக்கத்தில் நின்று பார்த்தான் என்றால் உன் மனசு என்ன ஆகும்? இந்தப் பாரத்தை நான் ஒருத்தனே சுமந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட பாரம் என்று உனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். நான் அந்தச் சின்னப் பாலத்துக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். சரியாக இருபத்திரண்டு அடி தூரம், பிறகு அளந்து பார்த்தேன். மாப்பிள்ளை வந்தார். நான், "மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். திடீரென்று திரும்பினார். நான் பாய்ந்தேன். இன்னும் இரண்டு அடி எட்டியிருந்தால் சட்டைக் காலரைப் பிடித்திருப்பேன். விதி.

பேப்பரில் வந்த மறுநாளே ஏட்டு வீடு தேடி வந்துவிட்டார். ஸ்டேஷனிலும் என் வாக்குமூலம்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். "இஷ்டு சென்னாகி யாரூ ஹேளல்லா", இவ்வளவு நன்றாக யாரும் சொல்வதில்லை என்று கன்னடத்தில் பாராட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதனால் நான் சொல்வது, பதினைந்தாம் தேதி நீ வந்து கேட்ட இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு. போனவர் திரும்பி வரப்போவதில்லை. கேஸ், கோர்ட்டு என்று போனால் குறுக்கு விசாரணை என்று உயிரை எடுப்பார்கள். எனக்கொன்றும் பயமில்லை, எத்தனை வக்கீல் வந்தாலும் பார்த்துக்கொள்வேன். உனக்குத்தான் அலைச்சல். பிள்ளையை வைத்துக்கொண்டு நீ தனியாக இருக்கிறாய்.

உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

மாமா

*

சாம்பியன் ரீஃப்
7-10-1998

அன்புள்ள மாமா,

நான் கோபப்படுவேன் என்று நினைத்திருப்பீர்கள். கடிதத்தைப் பிரிக்கும்வரை எனக்கும் கோபம்தான்.

படித்து முடித்ததும் கோபம் போய்விட்டது. இத்தனை நாளாக அவர் யாருமில்லாமல் போனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்க, யாரென்று ஒருவருக்கும் தெரியாமல். நம் வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பிடிக்கக் கை நீட்டினார் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். உங்களை வெங்காய வியாபாரியாக்கி என்னைக் காப்பாற்றப் பார்த்தீர்கள். அதற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். நீங்கள் பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விடாதீர்கள். முகம் எப்படி இருந்தது? கோபமாகவா, அழுத மாதிரியா? முணுமுணுத்ததில் என் பெயர் இருந்ததா? என்னைத் திட்டினார் என்றாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள். அது என்னிடம் பேசியதாகத்தான் எனக்கு.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது பொம்மனஹள்ளித் தாத்தா என்று ஷில்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?" அதையும் எழுதுங்கள்.

பதினைந்தாம் தேதி நானும் அவளும் காலை ரயிலில் வருகிறோம். நீங்களும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாருங்கள். நான் எதிர்த்து எதுவும் பேச மாட்டேன். அவர் கவனக்குறைவால்தான் நடந்தது என்று எழுதித் தருகிறேன். நீங்களே பார்த்திருக்கும்போது எனக்குச் சந்தேகம் ஏது? அந்தக் கவனத்தைக் கெடுத்தவள் யார் என்று மட்டும் அவர்கள் கேட்கப்போவதில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மித்ரா

*

பொம்மனஹள்ளி
10-10-1998

மித்ரா,

இந்தக் கடிதத்தை நாற்பது தடவை எழுதிக் கிழித்தேன் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. மூன்று தடவைதான் கிழித்தேன்.

முதல் தடவை எழுதினதில் மாப்பிள்ளை சிரித்த முகமாக வந்தார். என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். "மித்ரா கோபம் ரெண்டு நாள்ல போயிடும், புதன்கிழமை லீவு போட்டுப் போகப் போறேன் மாமா" என்றார். ஷில்பாவுக்குப் பொம்மை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். நீலச் சட்டை. நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. என் ஆயுசில் நான் சொன்ன கதைகளில் அதுதான் நல்ல கதை. தபால்தலை ஒட்டப் போனேன்.

உன் அத்தை கன்னடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. உன் கடிதத்தை எப்போதும் நான்தான் படித்துக் காட்டுவேன். இதுவரை வந்ததில் எனக்கு வேண்டாத இடங்களை விட்டுவிட்டுத்தான் படித்தேன். இந்தத் தடவை ஷில்பா கேட்டதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அத்தை பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அன்னைக்கு சீமெண்ணெய் கியூல இருந்தீங்களே?"

"நீ சும்மா இரு" என்றேன்.

"நான்தானே ஓடி வந்து கூப்பிட்டேன். கேனைப் போட்டுட்டு ஓடி வந்தீங்க. நாம போறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களேங்க. அந்தக் குழந்தைக்கு என்னன்னு எழுதப் போறீங்க?"

எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். பேப்பரில் வந்தது என் பேச்சு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மித்ரா, நான் அங்கே இல்லை. பாலத்துக்கட்டையும் இல்லை, இருபத்திரண்டு அடியும் இல்லை. நான் கூப்பிடவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. ஆறரை மணியிலிருந்து ரேஷன் கடை கியூவில் நின்றேன். நான் போனபோது ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் சட்டை என்ன கலர் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேல் நாணு கடைக்கு அந்தக் கிளாரன்ஸ் வந்தான். "யாராச்சும் பாத்தீங்களா?" என்றான். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். "அப்போ நாலு வரிதான்" என்று நோட்டை மூடினான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆறு வருஷம் நம் வீட்டில் கை நனைத்த பிள்ளை, கறிவேப்பிலை மாதிரி நாலு வரியில் தூக்கி எறிந்துவிடுவார்களா என்று தோன்றியது. எட்டு வரியாவது வர வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் நிஜம். என் பேர் பேப்பரில் வரும் என்று நினைத்தேன், அதுவும் நிஜம். எது முதலில் வந்தது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. "நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். பார்த்தவன் என்றால் என்ன பார்த்தாய் என்று கேட்கிறான். உன் போன் வந்ததை நாணு கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தான். அதை எடுத்துப் போட்டேன். சைக்கிள் செய்தி எல்லாவற்றிலும் திரும்பினார், திரும்பினார் என்றுதானே படித்திருக்கிறேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். உன் நோட்டில் இருக்கிற இருபத்திமூன்றையும் படித்து வளர்ந்த வாய் இது.

கடைசியில் என் பேரையும் போடவில்லை. ஒருவர் என்று போட்டார்கள்.

மறுநாள் ஏட்டு வந்தபோதே சொல்லியிருக்கலாம். பேப்பரில் வந்ததை எப்படி மாற்றிச் சொல்வது என்று வாய் வரவில்லை. உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது உன் நன்மைக்கு இல்லை. எனக்குப் பயம். குறுக்கு விசாரணைக்குப் பயம்.

நீ வந்து கையெழுத்துப் போடாதே. நாளை மறுநாள் திங்கட்கிழமை ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். 17-8 என்று கடைக்காரர் கையால் எழுதின தேதி அதில் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொன்னதற்கு உள்ளே தள்ளினாலும் தள்ளட்டும். கிளாரன்ஸிடமும் போய்ச் சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மறுப்பு என்று ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி போடலாம், ஆனால் யார் மறுக்கிறார்கள் என்று பேர் வேண்டும் என்றான். போட்டுக்கொள் என்றேன்.

இன்றைக்கு ஸ்டேஷன் காம்பவுண்டுக்கு வெளியே நின்று அவர் சைக்கிளைப் பார்த்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். முன் சக்கரம் நன்றாக இருக்கிறது. பின் சக்கரம்தான் மடங்கிப் போயிருக்கிறது. நேராகப் போகிறவரைப் பின்னால் வந்து இடித்தால்தான் அப்படி ஆகும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் என் பேச்சைக் கேட்டு நீ எதையும் நம்ப வேண்டாம். வருகிறபோது நீயே பார். வக்கீல் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காட்டு.

அவர் போன் பேசினதுக்கு அப்புறம் என்ன செய்தார் என்று நாணுவிடம் கேட்டேன். டீயை முழுசாகக் குடித்தார், கிளாஸை வைத்தார், போனார் என்றான். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கடையில் கூட்டம், பார்க்கவில்லை என்றான். இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் ஏதாவது சேர்த்துச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். சேர்க்க மாட்டேன்.

மனம் கலங்கிப் போனார் என்பது நான் போட்டது. முணுமுணுத்தார் என்பது நான் போட்டது. அவர் திரும்பினதை நான் பார்க்கவில்லை, மித்ரா. திரும்பினார் என்பதும் நான் போட்டதுதான்.

கிருஷ்ணப்பா